ஊருக்கெல்லாம் அக்கா: 11. சத்தமில்லாத வீடியோ

தையல் மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருந்த பால் டம்ளரை அக்கா கையும் களவுமாகப் பிடித்தாளே, அந்த இடத்தில்தானே போன வாரம் விட்டோம்?

பிடித்தவள் கத்தவில்லை. டம்ளரை எடுத்து மிஷின் மேல் அலுங்காமல் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அம்மாவுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

"உங்க அக்கா என்கிட்ட பேசலடா" என்று விடிந்ததும் விடியாததுமாகத் தம்பிக்குப் போன் செய்தாள் அம்மா. "எலும்பு தேஞ்சு போச்சு, பால் குடின்னு டாக்டர் சொன்னதுக்குக் குடிச்சேன். கள்ளச்சாராயமா குடிச்சேன்?"

"மத்தியானம் வரேம்மா. இப்போ பண்ணைக்குப் போயிட்டிருக்கேன்."

"அங்கே என்ன?"

அங்கே என்னவென்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டான்.

தம்பி ஒரு மாட்டு டாக்டர். அவன் அக்காவோ பாலைத் தொடமாட்டாள், தோல் செருப்புப் போடமாட்டாள், தேனைக்கூடத் தேனீயிடம் அடித்த கொள்ளை என்று தள்ளிவைப்பாள். வீகன். இது அவள் வீட்டோடு நின்றிருந்தால் நமக்குக் கதையே இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தால் லட்சக்கணக்கான பேர் கேட்கிறார்கள். அத்தனை பேரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூடப் பிறந்தவனுக்கென்று தனியாக ஒரு சொல் மிச்சமில்லை.

அவள் சாதாரணப்பட்டவளும் இல்லை. அடிமாடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டு போன லாரிகளை ஸ்கூட்டரில் துரத்திப் படம் பிடித்தவள். கால் ஒடிந்த மாடுகளின் கண்ணில் மிளகாய் தேய்த்து எழுப்புகிறார்கள் என்று ஊருக்குக் காட்டியவள். லாரிக்காரர்கள் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியதில் தோள்பட்டை விலகியது. அந்தத் தோளோடு மறுநாளும் போனாள். அந்த வழக்கில் நாளைக் காலை அவள்தான் முக்கிய சாட்சி. அவள் சொல் நின்றால் அந்த லாரிகள் நிற்கும்.

இதே அக்காதான் தம்பியின் கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது எப்படி என்று விளக்கியவளும். ஐஸ்கிரீம் அப்படியே உருகி ஓடியது. மாமியார் வீட்டில் அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே குழப்பம். அந்தக் குழப்பம் இன்றைக்கு அவன் கழுத்தைப் பிடித்தது.

*

பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் சாக்கடை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

பண்ணைக்காரம்மா கேனைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாலை அவளே கொட்டுகிறாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து பால் சொசைட்டி வண்டி வரல, டாக்டர். மாட்டை வதைக்கிற பண்ணையில பால் எடுக்கமாட்டாங்களாம்." கேனை நிமிர்த்தினாள். "கறக்காம விட்டா மடி கட்டி வலியில கத்துது. கறந்தா கொட்ட வேண்டியிருக்கு. நான் என்னதான் பண்றது?"

தம்பி கொட்டகைக்குள் போனான். சாம்பல் நிறப் பசு எழுந்து நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. சாம்பல் என்றுதான் அதைக் கூப்பிடுவார்கள். போன வாரம் அது கன்று போட்டதோடு உடம்பில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப் படுத்துவிட்டது. ஊசி போட்டும் எழவில்லை. மாடு படுத்தே கிடந்தால் அதன் பாரத்திலேயே அதன் கால் சதை செத்துப்போகும். பிறகு எந்தச் சாமி வந்தாலும் எழுப்ப முடியாது. அதனால் இடுப்பெலும்பில் இரும்புக் கவ்வியை மாட்டி, உத்தரத்தில் சங்கிலியைக் கோர்த்து, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினான். கால் ஊன்றும்வரை தூக்குவதும் இறக்குவதுமாக நாள் முழுக்க அதே வேலை.

பார்க்கக் கண்றாவியாகத்தான் இருக்கும். பசு முனகும், நாக்கு வெளியே தள்ளும். தெரியாதவர்கள் பார்த்தால் கொலை நடக்கிறது என்றே நினைப்பார்கள்.

அப்படித்தான் நினைத்தார்கள். அக்கா போட்ட வீடியோவில் சங்கிலி தெரிந்தது, தொங்குகிற மாடு தெரிந்தது, பண்ணையின் பலகை தெரிந்தது. பின்னால் சோகமாக ஒரு வயலின். கீழே ஒரு வரி: 'நீங்கள் குடிக்கும் டம்ளருக்குள் இருப்பது இதுதான்.'

"போட்டது உங்க அக்காதானே?" பண்ணைக்காரம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஆமாம்மா."

"நானும் அவங்க வீடியோ பாப்பேன் டாக்டர். அந்த லாரி வீடியோவைப் பாத்துட்டு எனக்குச் சோறு இறங்கல. அதுக்கப்புறம்தான் கறவை நின்ன மாட்டை விக்கறதில்லன்னு வச்சுக்கிட்டேன். அதோ நிக்குதே மூணு கிழடு, எல்லாம் உங்க அக்கா புண்ணியம்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவங்களே என்னை இப்படிப் போட்டுட்டாங்களே."

அவன் சாம்பலின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"அவளுக்குத் தெரியாதும்மா. வைத்தியம்னு தெரிஞ்சிருந்தா போட்டிருக்கவே மாட்டா. இப்பவே போய்ச் சொல்றேன், எடுத்துடுவா."

"எடுப்பாங்களா?"

"எங்க அக்காவை எனக்குத் தெரியாதா?"

என்ன தைரியம் பாருங்கள்!

*

அம்மா வீட்டுக் கூடத்தில் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் அம்மா தைப்பாள். இன்றைக்கு ஒரு தலையணை உறையை நான்கு பக்கமும் சேர்த்துத் தைத்துவிட்டு, தலையணையை எதன் வழியாக நுழைப்பது என்று விழித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே இருக்கா மகராணி. நாளைக்குக் கோர்ட்டுன்னு காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

அக்கா பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தெருநாய், முன்னங்காலில் கட்டு. எங்கேயோ அடிபட்டுக் கிடந்ததைத் தூக்கி வந்திருக்கிறாள். பழைய கட்டைப் பிரித்து, நாய் துள்ளும்போதெல்லாம் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே புண்ணைத் துடைத்தாள். கடிக்கிற நாய்தான். அவளிடம் மட்டும் பொம்மைபோலக் கிடந்தது.

"வாடா டாக்டர். இந்தத் துணியைப் பிடி."

பிடித்தான். பிடித்தபடியே சொன்னான்: "அக்கா, அந்தப் பண்ணை வீடியோவை எடுத்துடு."

"எதுக்கு?"

"அது வதை இல்ல. வைத்தியம். கன்னு போட்டு எழுந்திருக்க முடியாம கெடந்த மாடு. தூக்கலேன்னா செத்திருக்கும். இப்போ எழுந்து நின்னு தின்னுட்டிருக்கு, நான் பாத்துட்டுத்தான் வரேன்."

"வைத்தியம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? சங்கிலியை இழுத்ததே நான்தான்க்கா!"

அக்கா நிமிரவில்லை. "அப்படியா" என்றாள். கத்தரிக்கோலை எடுத்துப் புதுத் துணியை வெட்டினாள்.

ஆடிப்போய்விட்டாள், பேச்சு வரவில்லை என்று தம்பி நினைத்தான். பாவமாகக்கூட இருந்தது.

"வீடியோல உன்னைக் காட்டலையே?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அந்தம்மாவோட பாலை சொசைட்டிக்காரன் எடுக்கமாட்டேங்கறான். சாக்கடையில கொட்டறாங்க."

"சாக்கடைக்குப் போறது யாரு பால்டா? கன்னுக்குட்டிக்குச் சேர வேண்டியது." இப்போது நிமிர்ந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் லட்சம் பேர் பால் டம்ளரைக் கீழே வைக்கிறார்கள். "சரி, நீ சொல்லு. அந்தக் கன்னு எங்கே? தாய் பக்கத்துல நின்னுச்சா?"

தனிக் கொட்டிலில் கட்டியிருந்தது. அவன் பார்த்தான். தினமும் பார்ப்பதுதான்.

"அதுக்கு ஏன் சுண்ணாம்புச் சத்து இறங்குச்சு? கன்னுக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் பால் சுரக்க விட்டிருந்தா இறங்குமா? ஒடம்புல இருக்கற சத்தையெல்லாம் பாலா உறிஞ்சற மாதிரி ஒரு மாட்டை உண்டாக்கிட்டு, அது விழுந்ததும் சங்கிலி போட்டுத் தூக்கி, வைத்தியம்கறே. தூக்கறது எதுக்கு? மறுபடியும் கறக்கத்தானே?"

அவள் சொன்னதில் பாதிக்குமேல் உண்மை. கல்லூரியில் அவனே படித்த உண்மை. ஆனால் இந்த உண்மையைக் காட்ட அந்த வீடியோ எதற்கு?

"நீ சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும்க்கா. ஆனா வீடியோ பொய்தானே?"

"சின்னதா ஒண்ணு மாறியிருக்கும். பெருசா பாத்தா நெஜம்தான்."

"அந்தம்மாவுக்கு அது சின்னது இல்ல."

அக்கா முடிச்சைப் போட்டு நாயை இறக்கிவிட்டாள். குரல் தழைந்தது. "நாளைக்கு ஒரு நாள் பொறுடா. இன்னைக்கு நான் வீடியோவை எடுத்தா, 'இவ போடறதே பொய்'னு லாரிக்காரனோட வக்கீல் நாளைக்கு என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவான். லாரி வீடியோவும் அதோட போச்சு. அதுல இருக்கறது ஆயிரக்கணக்கான உசிரு. கோர்ட் முடியட்டும், எடுத்துடறேன்."

"சத்தியமா?"

"உங்கிட்ட எப்போடா பொய் சொன்னேன்?"

சொன்னதில்லைதான். அப்பா போன பிறகு, அவனுக்குப் பீஸ் கட்டத் தன் படிப்பை நிறுத்தினவள் அவள். வேலை கிடைத்த முதல் நாள், தொழுவத்தில் போட்டுக்கொள்ள அவனுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவள். பளீரென்ற மஞ்சள். "தோல் இல்லாதது. மாட்டுக்கு வைத்தியம் பாக்கறவன் மாட்டுத் தோல்ல நிக்கக் கூடாது" என்றாள். இன்றுவரை வேறு பூட்ஸ் போட அவனுக்கு மனசு வந்ததில்லை.

கூடத்தைக் கடக்கும்போது அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னடா சொன்னா?"

"நல்லவளா கெட்டவளான்னே புரியலம்மா."

"பெத்த எனக்கே புரியல. உனக்குப் புரிஞ்சுடுமா?" என்று உறையைப் பிரிக்க உட்கார்ந்தாள் அம்மா.

*

சொசைட்டி மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் தன் தலைக்கு எதுவும் வரக் கூடாது என்பதில் குறியாக இருப்பவர்.

"டாக்டர், இது நீங்க பாத்த வைத்தியம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சாயங்கால வண்டியே அந்தப் பண்ணைக்குப் போகும். ஆனா அதை வாசல்ல ஒட்டுவேன், பத்திரிகைக்கும் குடுப்பேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணுமே."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியாதா?"

"நான் பொறுப்பேன். மாட்டு மடி பொறுக்குமா?"

தம்பிக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தான். ஒரு பக்கம் பண்ணைக்காரம்மா, இன்னொரு பக்கம் லாரி மாடுகள். நடுவில் அக்கா. ஒரு நாள்தானே, ஒரு நாள் பாலைக் கொட்டினால் அந்தம்மா செத்தா போய்விடுவாள் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

காலி கேன்களை ஏற்றிக்கொண்டிருந்த பால்வண்டி டிரைவர் இவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நரைத்த மீசை. எப்போது பார்த்தாலும் சலாம் வைப்பவர்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

கேனை வைத்துவிட்டு வந்தார். "டாக்டர், என்னைச் செருப்பால அடிங்க. அந்த வீடியோ எடுத்தது நான்தான்."

"நீங்களா? ஏன்?"

"நல்லதுக்குத்தான் எடுத்தேன். அன்னைக்குப் பால் எடுக்க வந்தப்போ நீங்க அந்த மாட்டோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. நாள் பூரா சாப்பிடாம, வேர்த்து விறுவிறுத்து... எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவங்க தம்பி வாயில்லா ஜீவனுக்கு எப்படி உசிரைக் குடுக்கறார்னு அக்காவுக்குக் காட்டலாம்னுதான் அனுப்பினேன். அவங்க இப்படிப் போடுவாங்கன்னு கனவா கண்டேன்?"

தம்பி கையை நீட்டினான். "முழுசா காட்டுங்க."

காட்டினார். வயலின் இல்லை. கொட்டகையின் சத்தமெல்லாம் அப்படியே இருந்தது. சங்கிலி கிறீச்சிட்டது, பசு முனகியது, அதற்கு மேலே ஒரு குரல் கெஞ்சியது: "எழுந்திரு தங்கம். இன்னும் கொஞ்சம்தான். என் கண்ணு இல்ல, எழுந்திரு."

அவன் குரல். போனில் தும்மினால்கூட அக்கா கண்டுபிடித்துவிடும் குரல்.

படத்தின் ஓரத்தில், மாட்டின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் பளீரென்று இரண்டு மஞ்சள் பூட்ஸ். அக்கா போட்ட வீடியோவில் அந்த ஓரமே இல்லை.

கீழே டிரைவர் எழுதி அனுப்பியதும் இருந்தது. 'அக்கா, உங்க தம்பி மனசைப் பாருங்க.' அதற்கடியில் அக்காவின் பதில்: 'பார்த்தேன். ரொம்ப நன்றிங்க. வேற யாருக்கும் அனுப்பிடாதீங்க.'

"தம்பியைப் பத்திப் பெருமை அடிச்சுக்கப் பிடிக்காதவங்கன்னு நெனச்சேன் டாக்டர்" என்றார் டிரைவர், அப்பாவியாக.

மத்தியானம் கேட்ட 'அப்படியா' இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அது ஆடிப்போனவள் பேச்சில்லை. முன்னாடியே தெரிந்தவள் பேச்சு.

*

மேனேஜர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினான். 'அந்தச் சங்கிலியை இழுத்தது நான். அது சிகிச்சை.' இரண்டே வரி. கையெழுத்துப் போடப் பேனாவை ஊன்றும்போது போன் அடித்தது. அக்கா.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதே." குரலில் வெட்கம். "அம்மாவுக்கு நானே பால் சூடு பண்ணிக் குடுத்தேன். கடைக்குப் போய் நானே வாங்கிட்டு வந்தேன். பொங்கி வழியவிட்டேன், அம்மா சிரிச்சாங்க. எத்தனை வருஷம் ஆச்சுடா நான் பால் பாத்திரம் தொட்டு!"

எந்த நேரத்தில் வந்து இதைச் சொல்கிறாள்! கொஞ்சம் கெட்டவளாகவே இருந்து தொலைத்தால்தான் என்ன?

"அக்கா, அந்த வீடியோவுக்குச் சத்தம் இருந்துச்சா?"

அந்தப் பக்கம் நாய் குரைத்தது. அக்கா அதைத் தட்டிக்கொடுத்து அடக்கினாள்.

"உன் குரல் வர்ற இடத்தைத்தான் முதல்ல வெட்டினேன்" என்றாள் கடைசியில். "எல்லாத்தையும் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு அழுதுட்டுத்தான் வெட்டினேன். ஊரு உன்னைக் கிழிக்கறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லடா."

"அந்தம்மாவை?"

கேட்டுவிட்டு அவனே தொடர்ந்தான்.

"அவங்க உன் வீடியோ பாத்துத்தான் கிழட்டு மாட்டை விக்காம வச்சிருக்காங்க. தெரியுமா உனக்கு?"

"...தெரியாது." முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "நாளைக்கு ஒரு நாள்டா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

வெளியே வண்டி உறுமியது. வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. பண்ணையில் இந்நேரம் மடிகள் கனத்திருக்கும். மேனேஜர் காகிதத்தையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தம்பி கையெழுத்துப் போட்டான். அது அவன் கையெழுத்து மாதிரியே இல்லை. கோணல்மாணலாக ஓடியிருந்தது. செய்தது சரியா, தப்பா? சத்தியமாக அவனுக்குத் தெரியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "டாக்டர், நேரம் ஆச்சு. பண்ணைப் பக்கம் திரும்பணுமா, நேரா போகணுமா?"

தம்பி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க மறந்தானா, வேண்டுமென்றே எடுக்கவில்லையா, அதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

"திரும்புங்க" என்றான்.

காதுக்குள் அக்கா கேட்டாள்: "யாரைடா திரும்பச் சொல்றே?"